கண்ட பக்கமும் கேட்ட பக்கமும்

எங்கட ஊரில் எல்லாரும் அவரை பாஸ் என்றுதான் கூப்பிட்டோம். தண்ணி இறைக்கிற மிசின் திருத்துகிற மனிசன், கைத்தொழில் தெரிந்த ஆளை எங்கட பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். அவருடைய சொந்தப் பெயரைக் கூட்டப் புத்தகத்தில் என் கையாலேயே எத்தனையோ தரம் எழுதியிருக்கிறேன். ஆனால் இங்கே எழுத மாட்டேன். தன் பெயரைத் தேவையில்லாமல் எழுதுவது அவருக்குப் பிடிக்காது. அடுத்தவன் பெயரை எழுதுவது அதைவிடப் பிடிக்காது. அதை நான் பட்டுத்தான் படித்தேன்.

குறிஞ்சிப்பிட்டியில் இருந்து ஆலங்குடாப் பக்கம் போகிற வழியில் எங்கட ஊர். முழுக்க மணல் தோட்டம். மிளகாய், வெங்காயம், பீட்ரூட். தோட்டத்துக்கு ஒரு கிணறு, கிணற்றடியில் ஒரு மிசின். பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட விடுவார்கள். மிசின் ஒரு நாள் நின்றால் பயிர் வாடும், ரெண்டு நாள் நின்றால் தோட்டக்காரன் வாடுவான். அதனால் ஊரில் டொக்டருக்கு இல்லாத மரியாதை பாஸுக்கு இருந்தது. ஆள் தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னார்ப் பக்கமிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர். எங்கட ஊருக்குப் பின்னால் இருக்கிற கேம்பில்தான் இருந்தார். கேம்ப் என்று சொன்னாலும் அப்போது அதெல்லாம் கல்வீடாகிவிட்டது. நாங்கள்தான் வாயை மாற்றவில்லை. அங்கே இருக்கிறவர்களை அகதி என்றுதான் இருபது வருஷத்துக்குப் பிறகும் சொல்லிக்கொண்டிருந்தோம். வெட்கக்கேடுதான், வேறென்ன சொல்ல.

சண்டை முடிந்து மூன்று நாலு வருஷம் இருக்கும், ஊரில் சாமான் காணாமற் போகத் தொடங்கியது. முதலில் ஆடு. பிறகு காஸ் சிலிண்டர். பிறகு மிசின். பொலிஸில் இருந்து ஒரு மாத்தயா, சிங்களத்தில் ஐயா என்று அர்த்தம், வந்து பள்ளிவாசல் முன்றலில் கூட்டம் வைத்து, சிவில் பாதுகாப்புக் குழு என்று ஒன்றை அமைத்தார். ஊரில் ஏழு பேர், கேம்புக்கு ஒரு ஆள். அந்த ஒரு ஆள் பாஸ். நான் செயலாளர். நான் என்ன வீராங்கனையா? முன்பள்ளி டீச்சர். வாப்பா சிலாபத்தில் கடை வைத்திருந்ததால் சின்ன வயசில் அங்கே படித்தேன், சிங்களம் எழுதுவேன். பொலிஸுக்குப் போகிற கடிதமெல்லாம் சிங்களத்தில் போனால்தான் அலுவல் நடக்கும். அதனால் பேனாவை என் கையில் திணித்தார்கள்.

கூட்டம் அசர் தொழுகைக்குப் பிறகு என் முன்பள்ளியில் நடக்கும். பிள்ளைகள் இருக்கிற குட்டிக் கதிரைகளில் ஊர்ப் பெரிய மனிசர்கள் முழங்கால் நாடியில் இடிக்க இருப்பார்கள். பாஸ் மட்டும் கதிரையில் இருக்க மாட்டார். எங்கே போனாலும் கொண்டு திரிகிற நட் கழற்றுகிற சாவிகள் போட்ட இரும்புப் பெட்டியை வாசலோரம் வைத்து அதன் மேல் இருப்பார். முதல் கூட்டத்திலேயே ஆட்டுக் கதை வந்தது. பாண் கொண்டுவருகிற சைக்கிள்காரன்தான் ஆட்டைக் கொண்டு போயிருப்பான் என்று ஒருவர் சொன்னார். ஓம், ஓம், அவன் பார்வையே சரியில்லை என்று இன்னொருவர். நான் எழுதப் பேனாவைத் திறந்துவிட்டேன்.

"கண்ணால கண்டதா?"

வாசல் பக்கமிருந்து வந்த சத்தம். கோபமாகக் கேட்கவில்லை. பெற்றோல் இருக்கிறதா என்று மிசின்காரனிடம் கேட்கிற மாதிரித்தான் கேட்டார். சொன்னவர் தடுமாறிப் போனார். காணவில்லை, ஆனால் எல்லாரும் சொல்கிறார்கள் என்றார். அப்போ அதை வேறாக எழுதச் சொல்லுங்கள் என்றார் பாஸ். எழும்பி வந்து என் புத்தகத்தை வாங்கி, தாளின் நடுவில் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தார். கையெல்லாம் கிறீஸ், தாளில் பெருவிரல் அடையாளம் பதிந்துவிட்டது. ஒரு பக்கத்துக்குத் தலைப்பு 'கண்டது', மற்றப் பக்கத்துக்கு 'கேட்டது'.

ஒரு மாதம் போனது. கேட்ட பக்கம் பன்னிரண்டு தாள் நிறைந்துவிட்டது. கண்ட பக்கத்தில் மூன்றே மூன்று வரி. அதில் ஒன்று, கழுதை ஒன்று வேலி பிரித்து பீட்ரூட் தின்றது. அதைக் கண்டவர் பாஸ். கழுதை எங்கே நின்றது, எத்தனை செடி, எந்தப் பக்கம் ஓடியது எல்லாம் சொன்னார். யாருடைய கழுதை என்று கேட்டபோது, கழுதை சொல்லவில்லை என்றார். கூட்டமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

ஊரில் அவருக்குக் 'கண்டதா பாஸ்' என்று பட்டம் வைத்தார்கள். பெண் கேட்டு வருகிற இடத்தில் மாப்பிள்ளை எப்படி என்று அவரிடம் விசாரித்துப் பாருங்கள். எங்கட பெரியம்மா தன் மகளுக்கு வந்த சம்பந்தத்தைப் பற்றி விசாரித்தார். மாப்பிள்ளை கொஞ்ச நாள் பாஸிடம் வேலை பழகினவன். பாஸ் யோசித்து யோசித்துச் சொன்னது இவ்வளவுதான்: நட் இறுக்கும்போது மரை கெடாமல் இறுக்குவான், அதைக் கண்டிருக்கிறேன், மற்றது தெரியாது. பெரியம்மா வந்து என்னிடம் புலம்பினார், இது ஒரு மனிசனா, நல்ல பிள்ளையென்று ஒரு வார்த்தை சொன்னால் வாயில் இருக்கிற முத்து உதிர்ந்துவிடுமா என்று. கல்யாணம் நடந்தது. நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

ஒரு நோன்பு முடிவில் பிறை பார்க்க ஊரே கடற்கரைக்குப் போனது. மேற்கே மேகம். பொடியன்கள் அதோ, அதோ என்றார்கள். பாதி ஊர் கண்டது. ரேடியோவிலும் மறுநாள் பெருநாள் என்று அறிவித்துவிட்டார்கள். பாஸ் காலையில் புதுச் சேட் போட்டு, அத்தர் பூசி, பள்ளிக்கு எல்லாருக்கும் முதல் வந்தார். யாரோ வம்புக்கு இழுக்க வேண்டுமென்றே கேட்டார்கள், பிறையைக் கண்டீர்களா என்று. பெருநாள் என்று சொன்னார்கள், கொண்டாடுகிறேன், கண்டேனா என்று கேட்டால் காணவில்லை என்றார். ஊரோடு சண்டைக்கும் போக மாட்டார், ஊருக்காகக் கண்டேன் என்றும் சொல்ல மாட்டார். இந்த ரெண்டுக்கும் நடுவில் ஒரு மனிசன் நிற்கலாம் என்று எனக்கு அவரைப் பார்த்துத்தான் தெரியும்.

ஏன் இப்படி என்று ஒரு தரம் கேட்டேன். முன்பள்ளித் தண்ணித் தொட்டிக்கு மோட்டர் பூட்டிக்கொண்டிருந்தார். வேலையை நிறுத்தாமலே சொன்னார். அவர் இளந்தாரியாக இருந்த காலத்தில், ஒரு ஆமிச் சுற்றிவளைப்பில் ஊரில் ஆண்களை வரிசையாக நிற்க வைத்து, தலையில் சாக்குப் போட்ட ஒருவனை முன்னால் நடத்திக்கொண்டு போனார்களாம். அவன் தலையாட்டினால் அந்த ஆளைத் தனியே எடுப்பார்கள். பாஸின் தம்பிக்கு முன்னால் வந்து தலையாட்டினானாம்.

"சாக்கில ரெண்டு ஓட்டை இருந்திச்சு டீச்சர். அதுக்குள்ளால அவன் என்னத்தக் கண்டான் எண்டு இண்டைக்கும் யோசிக்கிறன்."

பிறகு தம்பி வரவேயில்லை என்று சொல்லிவிட்டு, குறடு எடுத்துத் தரச் சொன்னார். நான் எடுத்துக் கொடுத்தேன்.

இதெல்லாம் தெரிந்தும் நான் அந்த வேலையைச் செய்தேன். அதைத்தான் இப்போது சொல்ல வேண்டும்.

எங்கட வீட்டுக் குசினியில் இருந்து காஸ் சிலிண்டர் போனது. பட்டப்பகலில், நான் முன்பள்ளியில் இருக்கிற நேரம். ரெண்டு நாளைக்கு முன்னால்தான் கேம்பில் இருந்து நிஸ்தார் என்ற இளந்தாரி வந்து டீவி அன்டெனாவைத் திசை திருப்பித் தந்துவிட்டுப் போனவன். தோட்டங்களில் கூலிக்கு வெங்காயம் பிடுங்குகிற பிள்ளை, கையில் கொஞ்சம் கரண்ட் வேலையும் தெரியும். குசினிக்குள்ளே தண்ணி குடிக்க வந்தவன். எனக்கு அது போதும். கூட்டத்தில் சொன்னேன். 'கண்ணால கண்டதா?' என்று என்னையும் கேட்டார் பாஸ். புத்தகத்தாலேயே அவர் தலையில் ஒன்று போடலாமென்று வந்தது. என் சிலிண்டர், என் குசினி, எனக்குத் தெரியாதா? கேட்ட பக்கத்திலேயே எழுதினேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அடுத்த கிழமை ஹாஜியாருடைய மிசின் போனது. ஹாஜியார் ஊரில் பெரிய தோட்டக்காரர், குழுவின் தலைவரும் அவர்தான். பின்னேரம் கிணற்றடியில் வைத்துவிட்டுப் போனேன், விடிய வந்து பார்த்தால் இல்லை என்றார். புது மிசின், வாங்கி நாலு மாதம். மிளகாய் காய்க்கிற நேரம். மனிசன் கண் கலங்கிவிட்டார். அன்றைக்குக் கூட்டத்தில் நிஸ்தாரின் பெயர் எல்லார் வாயிலும் வந்தது. ஹாஜியார் தோட்டத்துக்குப் பக்கத்தில் அவன் வேலை செய்தான், மத்திய கிழக்குக்குப் போகக் காசு தேடிக்கொண்டிருக்கிறான், இப்படி. பாஸ் வழக்கமான கேள்வியைக் கேட்டார். ஹாஜியாரிடமும் ஒன்று கேட்டார்: தண்ணி உறிஞ்சுகிற ஹோஸை வெட்டியிருந்தார்களா, கழற்றியிருந்தார்களா? கழற்றித்தான் இருந்தது என்றார் ஹாஜியார். கிளிப்? கிளிப் கிணற்றுக்கட்டில் இருந்தது. பாஸ் தலையாட்டினார்.

எல்லாரும் போன பிறகு நான் மேசையில் இருந்தேன். பொலிஸ் மாத்தயா பள்ளிச் சந்தியில் ஒரு முறைப்பாட்டுப் பெட்டி தொங்கவிட்டிருந்தார். இரும்புப் பெட்டி, மேலே நீட்டு ஓட்டை. பெயர் போடாமல் யாரும் எதையும் எழுதிப் போடலாம், கிழமைக்கு ஒரு தரம் வந்து திறந்து எடுப்பார்கள். நான் ஒரு தாள்துண்டு கிழித்துச் சிங்களத்தில் எழுதினேன். ரெண்டு வரி. நிஸ்தார் பெயர், கேம்பில் எத்தனையாவது வீடு, மிசின் எடுத்தது இவன்தான். பாஸ் அப்போதும் வாசலில் இருந்தார், தன் பெட்டியில் சாவிகளை அடுக்கிக்கொண்டு. எழும்பி வந்தவர் என் மேசைக்கு எதிரே நின்றார். அவருக்குச் சிங்களம் எழுத வராது, ஆனால் எழுத்துக் கூட்டி வாசிப்பார். துண்டை நேராகப் பார்த்தார்.

"கண்ணால கண்டதா டீச்சர்?"

ஊரே சொல்கிறது என்றேன்.

"அப்ப ஊர் சொன்னதெண்டு எழுதுங்க. ஊரிட பேரையும் கீழ போடுங்க."

நான் துண்டை மடித்தேன். அவர் சாவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்குப் போகிற வழியில் சந்திப் பெட்டிக்குள் துண்டைப் போட்டேன். உள்ளே விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

நாலாம் நாள் பொலிஸ் வந்து நிஸ்தாரை ஏற்றிக்கொண்டு போனது. அன்றைக்குத்தான் எனக்கு முழுக் கதையும் தெரிந்தது. கட்டாருக்குப் போக அவனுக்கு விசா வந்திருந்தது. குற்றம் ஒன்றும் இல்லையென்கிற பொலிஸ் ரிப்போட் மட்டும்தான் குறை. அந்த மாதம் முடிவதற்குள் பறக்காவிட்டால் ஏஜென்ட் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவான். இதை எனக்குச் சொன்னது அவனுடைய உம்மா. முன்பள்ளி முடிகிற நேரம் வந்து, பிள்ளைகள் எல்லாம் போகும்வரை வேலியோரம் நின்று, பிறகு வந்து என் கையைப் பிடித்தார்.

"நீங்கதான் டீச்சர் சிங்களம் தெரிஞ்ச ஆள். எங்களுக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்க."

அந்தத் தாயின் கை சுட்டது. காய்ச்சலோ என்னவோ. பார்ப்போம் உம்மா என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது. அன்றைக்கு நான் சோறு தின்னவில்லை என்று எழுதினால் பொய். தின்றேன். ஆனால் பயந்துவிட்டேன். அவன் எடுத்திருக்க வேண்டும், எடுத்தேயிருக்க வேண்டும் என்று அல்லாஹ்விடம் கேட்டேன். ஒரு பிள்ளை கள்ளனாக இருக்க வேண்டுமென்று துஆக் கேட்டவள் நான்.

பாஸ் யாரோடும் கதைக்கவில்லை. காலையிலும் பின்னேரமும் ஹாஜியாருடைய தோட்டத்துக்குப் போய் வந்தார். அந்தக் கிளிப்தான் அவர் மனதில் கிடந்திருக்கிறது. கள்ளன் ஹோஸைக் கத்தியால் வெட்டிவிட்டு ஓடுவான், குந்தியிருந்து கிளிப் கழற்றிக் கட்டில் வைத்துவிட்டுப் போக மாட்டான். அதைக் கழற்றியது மிசினில் ஆசையுள்ள ஆள். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ ஹாஜியார் வீட்டு முற்றத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர், உடுப்புக் காயப்போடுகிற கொடியைப் பார்த்திருக்கிறார். கொடி தொய்யாமல் நடுவில் ஒரு கம்பு முட்டுக் கொடுத்திருந்தது. கம்பின் நுனியில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. கொடிக்கம்புக்கு யார் துணி கட்டுகிறார்கள்? ஹாஜியாருடைய மனைவியைக் கேட்டிருக்கிறார், இந்தக் கம்பு எங்கே எடுத்தது என்று. தோட்டத்தில் சும்மா நட்டுக் கிடந்தது, நேரான கம்பாக இருக்கிறதே என்று பிடுங்கி வந்தேன் என்றார் அவர்.

பாஸ் ஹாஜியாரைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். சத்தம் கேட்டு நாலைந்து பேர் போனோம், நானும் போனேன். கிணற்றில் இருந்து கொஞ்சம் தள்ளி வேலிப் பக்கமாக, ஒரு நீட்டுக் கம்பியை மணலில் குத்திக் குத்திக்கொண்டு நடந்தார். காற்று அடிக்கிற மாதம். மணல் ஒரு நாளைக்கு ஒரு மாதிரி இருக்கும், எங்கே கிண்டினது எங்கே மூடினது ஒன்றும் தெரியாது. ஹாஜியார் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு இடத்தில் கம்பி 'டக்' என்றது. தோண்டினால் உரப் பையில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டி, மிசின்.

கள்ளனுக்குப் பயந்து ஹாஜியார்தான் அதைப் புதைத்தவர். கம்பு நட்டு அடையாளம் வைத்தார். விடிய வந்து பார்த்தால் கம்பும் இல்லை, மணலில் சுவடும் இல்லை. ரெண்டு மூன்று இடத்தில் கிண்டிப் பார்த்திருக்கிறார். தான் புதைக்கும்போது யாரோ ஒளித்திருந்து பார்த்துவிட்டுத் தோண்டிப் போய்விட்டான் என்று முடிவு கட்டிவிட்டார். புதைத்தேன் என்று கூட்டத்தில் சொல்ல வெட்கம். குழுத் தலைவர், மிசினை மணலில் புதைத்துத் தொலைத்தார் என்று ஊர் சிரிக்குமே. அதனால் கிணற்றடியில் வைத்தேன் என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு சொல்தான் பிழை. மற்றதெல்லாம் நாங்கள் சேர்த்தது.

ஹாஜியார் மெதுவாகச் சொன்னார், மிசின் கிடைத்துவிட்டது என்று மட்டும் பொலிஸுக்குச் சொல்வோம், எப்படி என்று சொல்லத் தேவையில்லை, ஊர் சிரிக்கும் என்று. ரெண்டு பேர் ஓம் போட்டார்கள். பாஸ் கை மணலைத் தட்டினார்.

"சிரிக்கட்டும் ஹாஜியார். சிரிப்பு ரெண்டு நாளைக்குத்தான். அந்தப் புள்ள உள்ள இருக்கான்."

கடிதம் நான்தான் எழுதினேன். மிசின் கதையில் ஒன்றும் மறைக்காமல் எழுதினேன்: களவே நடக்கவில்லை, சொந்தக்காரரே புதைத்தது, நிஸ்தாருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கீழே என் கையெழுத்து, பதவி, எல்லாம். ஹாஜியாரும் கையெழுத்துப் போட்டார். ஹாஜியாரும் பாஸும் நானும் பஸ்ஸில் போய்க் கொடுத்தோம். பொலிஸில் துண்டைப் பற்றிப் பேச்சு வந்தது. யார் போட்டதென்று அவர்களுக்கும் தெரியாது. பாஸ் என் பக்கம் திரும்பவேயில்லை.

பதினோராம் நாள் நிஸ்தார் வெளியே வந்தான். விசா நாள் முடிந்து ரெண்டு நாள். ஏஜென்ட் இடத்தை விற்றுவிட்டான்.

அதற்குப் பிறகு ஒரு காலையில் சந்தியில் கூட்டம். முறைப்பாட்டுப் பெட்டியின் ஓட்டையை யாரோ வெல்டிங் பண்ணி மூடியிருக்கிறார்கள். சுத்தமான வேலை. ஊரில் வெல்டிங் மிசின் ஒன்றுதான், அதனால் யார் என்று கண்டுபிடிக்க அவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. பொலிஸ் மாத்தயா வந்து பாஸைக் கேட்டார். நான்தான் என்றார், கேட்ட மறுநொடி. சொல்ல இருக்கிறவன் வந்து தன் வாயால் சொல்லட்டும், கீழே கையெழுத்துப் போடட்டும் என்றார். மாத்தயா நல்ல மனிசன், கொஞ்சம் ஏசிவிட்டு விட்டுவிட்டார். பெட்டிக்குப் பின்னால் பிறகு குளவி கூடு கட்டியது.

உண்மையில் களவைக் குறைத்தது எங்கட கூட்டமும் இல்லை, பெட்டியும் இல்லை. பாஸ் ஒரு கிழமை தோட்டம் தோட்டமாகப் போய், எல்லா மிசினிலும் எண்ணெய்த் தாங்கிக்குக் கீழே உளியால் ஒரு இலக்கம் வெட்டினார். இலக்கம் வெட்டின மிசினை வாங்க வேண்டாமென்று பாலாவிப் பழைய இரும்புக் கடைகளுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். விற்க முடியாத சாமானை யார் எடுப்பான்? என் சிலிண்டரை எடுத்தது யாரென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

என்னிடம் அந்தத் துண்டைப் பற்றி அவர் ஒரு நாளும் கதைக்கவில்லை. கூட்டத்துக்கு வந்தார், சாவிப் பெட்டியில் இருந்தார், கண்ணால கண்டதா என்று மற்றவர்களைக் கேட்டார். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது என்று இருக்கும். நிஸ்தாரின் உம்மா மட்டும் ஒவ்வொரு பெருநாளைக்கும் வட்டிலப்பம் கொண்டுவந்து தருவார். டீச்சர் எழுதின கடிதத்தால்தான் என் பிள்ளை வெளியே வந்தான் என்று தெருவில் காண்கிறவர்களிடம் எல்லாம் சொல்வார். நான் அந்த வட்டிலப்பத்தை வாங்குவேன். பாத்திரத்தைக் கழுவிச் சீனி போட்டுத் திருப்பிக் கொடுப்பேன்.

பிறகு பாஸ் மன்னார்ப் பக்கம் தன் பழைய காணிக்கே திரும்பிப் போய்விட்டார். காடு வெட்டி, கிணறு துப்பரவாக்கி, ஒரு கொட்டில் போட்டு, அங்கேயும் மிசின் திருத்தினார். வருஷத்துக்கு ஒரு தரம் போன் எடுப்பார். சுகமா என்று கேட்டால், இன்றைக்குச் சுகம் என்பார்.

போன வருஷம் அவர் மவுத்தான செய்தி வந்தது. ஜனாஸாவுக்குப் போக முடியவில்லை. மூன்றாம் நாள் அவருடைய மனைவியைப் பார்த்துவிட்டு வர வெளிக்கிட்டேன். பாலாவிச் சந்தியில் மன்னார் பஸ் எடுக்க வேண்டும். அதுவரைக்கும் கொண்டுபோய் விட நிஸ்தாரின் த்ரீவீலரைச் சொன்னேன். அவன்தான் இப்போது எங்கட பக்கம் ஓட்டுகிறான். நாற்பதை நெருங்குகிறான், முன் தலையில் முடி இல்லை. அவனுடைய மூத்த பிள்ளை என்னிடம்தான் படித்தது.

வழி முழுக்கப் பாஸைப் பற்றித்தான் கதைத்தான். பிறைக் கதை, கழுதைக் கதை, மாப்பிள்ளைக் கதை. சிரித்துச் சிரித்துச் சொன்னான். உப்பளம் தெரியத் தொடங்கின இடத்தில் சத்தம் குறைந்தது.

"உள்ளயிருந்து வந்த கையோட அவர்ட கடைக்குத்தான் டீச்சர் போனன். அந்தத் துண்ட எழுதினவனத் தேடிப் போய் வெட்டுறதெண்டுதான் இருந்தன். எழுதின ஆளக் கண்டீங்களா பாஸ் எண்டு கேட்டன். 'காணல்ல மகன்' எண்டார். அவர் காணல்லண்டா காணல்லதானே. அதோட விட்டுட்டன்."

நான் வெளியே பார்த்தேன். வரம்பு வரம்பாக உப்பு, குவித்து வைத்திருந்தார்கள். மேசைக்கு எதிரே நின்று துண்டை நேராகப் பார்த்த மனிசன். பிறையைக்கூடக் கண்டேன் என்று சொல்லாத மனிசன். பெட்டியை மூடியது யார் என்றால் நான்தான் என்று உடனே சொன்ன மனிசன். எனக்குத் தெரிந்து அவர் வாழ்நாளில் சொன்ன பொய் அது ஒன்றுதான். எனக்காகச் சொன்னது. நிஸ்தாருக்காகவும்தான், அவன் கத்தியோடு அலைந்திருப்பான். அதைச் சுமந்துகொண்டு மனிசன் கபுறுக்குள் போய்விட்டார். இனியும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் நானெல்லாம் என்ன பிறவி?

"மகன், கொஞ்சம் ஓரமா நிப்பாட்டுங்க."

நிறுத்தினான். தண்ணி வேணுமா டீச்சர் என்று கேட்டான்.

"பாஸ் கண்டவர். முன்னால நிண்டு கண்டவர். அந்தத் துண்ட எழுதினது நான்."

அவன் திரும்பவில்லை. கைகள் ரெண்டும் ஹேண்டிலிலேயே இருந்தன. கண்ணாடியில் அவன் கண் மட்டும் தெரிந்தது. சீமெந்து லொறி ஒன்று போனது, பின்னால் இன்னொன்று போனது. கட்டாரில் இருக்க வேண்டிய காலம், கட்ட வேண்டிய வீடு, உம்மா கொண்டுவந்த அத்தனை வட்டிலப்பம், எல்லாம் அந்த த்ரீவீலருக்குள் எங்கள் ரெண்டு பேரோடும் இருந்தது. ஏசுவான், இறங்கச் சொல்வான் என்று நினைத்தேன். இறங்கத்தான் பையைத் தூக்கினேன்.

"நான் மிசின எடுத்தத நீங்க கண்ணால கண்டீங்களா, டீச்சர்?"

"இல்ல மகன். காணல்ல."

அவன் ஸ்டார்ட் பண்ணினான், மன்னார் பஸ் போய்விடும் என்று சொல்லிக்கொண்டு.